கேட்டட் கம்யூனிட்டியில் வில்லா வாங்கலாமா? முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

போன ஜனவரியில் அக்காவும் மாமாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். மகன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான், அவன் பக்கத்திலேயே இருந்துவிடலாம் என்று சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) ஒரு வில்லா பார்க்கக் கிளம்பினார்கள். நானும் போனேன். மாதிரி வீட்டில் இரண்டு மாடி உயரத்துக்கு ஹால், பளிங்குத் தரை, மாடிக்கு லிஃப்ட். அக்கா சமையலறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கு நடந்துவந்து செக்யூரிட்டி மேசையில் இருந்த நீளமான நோட்டைப் பார்த்தேன். தண்ணீர் லாரி வரவு நோட்டு. வண்டி எண், வந்த நேரம், எத்தனை லிட்டர், கையெழுத்து. முந்தைய நாள் மட்டும் பதினான்கு வண்டி.

"தினமும் இப்படித்தானா அண்ணே?" என்று கேட்டேன்.

"இப்பதான மழை முடிஞ்சிருக்கு, இது கம்மிம்மா. சித்திரைல வந்து பாருங்க" என்றார்.

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த ஜனவரியிலேயே பதினான்கு லாரி என்றால் அந்த வளாகத்தின் கிணறும் போர்வெல்லும் எந்த நிலையில் இருக்கும்? விற்பனைப் பிரிவு கொடுத்த அறுபது பக்கப் புத்தகத்தில் இந்தத் தகவல் ஒரு வரிகூட இல்லை. சுவருக்குள் இருக்கும் அழகை அவர்களே காட்டிவிடுவார்கள். மண், தண்ணீர், காகிதம் இந்த மூன்றையும் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். நான் ஏழு வருடமாக இப்படி ஒரு வளாகத்தில் குடியிருக்கிறேன், சொந்தபந்தத்தில் சிலருக்கு வீடு பார்க்கவும் கூடப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில், எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். சென்னையையும் அதைச் சுற்றிய இடங்களையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் படி: விலையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

வில்லாவுக்கு மூன்று கோடி என்று சொல்கிறார்கள். அதில் மண்ணுக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, மீதி எதற்கு? இதைப் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனை. மதில் சுவருக்கு வெளியே, அதே தெருவில் காலி மனை சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் மதிப்பு 1 கோடியே 44 லட்சம். கட்டடம் 3,500 சதுர அடி. நல்ல தரத்தில் கட்ட சதுர அடிக்கு 2,800 என்று போட்டால் 98 லட்சம். இரண்டும் சேர்ந்து 2 கோடியே 42 லட்சம். மீதி 58 லட்சம் சுவருக்கும், கிளப் ஹவுசுக்கும், நீச்சல் குளத்துக்கும், பில்டரின் பெயருக்கும் லாபத்துக்கும் போகிறது. எண்கள் கணக்குக் காட்டத்தான், நீங்கள் பார்க்கும் இடத்தின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 58 லட்சம் தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாமியாருக்கு முழங்கால் வலி. வண்டி வராத பாதையில் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கிறார். பிள்ளைகள் இருட்டும்வரை சைக்கிள் விடுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பணம் வீண் இல்லை. ஆனால் அது திரும்பி வராத பணம் என்று தெரிந்துதான் கொடுத்தோம். பத்து வருடம் கழித்து விற்கும்போது மண் ஏறியிருக்கும், கட்டடம் தேய்ந்திருக்கும், கிளப் ஹவுஸ் பழசாகியிருக்கும். அதனால் மொத்த விலையில் மண்ணின் பங்கு பாதிக்கும் கீழே போனால் நான் ரொம்ப யோசிப்பேன். ஆடம்பர அடுக்குமாடிகளில் மண்ணின் பங்கு, அதாவது எல்லோருக்கும் பொதுவான மனையில் உங்களுக்கு வரும், யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத பாகம், இன்னும் சிறியது. நான்காயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி மண் என்பதெல்லாம் சாதாரணம்.

இரண்டாம் படி: மனைப்பிரிவா, தொகுப்புக் கட்டடமா?

இது பலருக்குத் தெரிவதில்லை. மற்ற எதை மறந்தாலும் இதைக் கேட்க மறக்காதீர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வில்லா வளாகமும் ஒரே மாதிரிதான். காகிதத்தில் இரண்டு வகை. ஒன்று, லேஅவுட் அனுமதி வாங்கி மனைகளாகப் பிரித்து, ஒவ்வொரு மனையிலும் வீடு கட்டுவது. இதில் மனை உங்கள் பெயரில் தனியாகக் கிரயமாகும், தனிப் பட்டாவும் வாங்கலாம். ஆனால் லேஅவுட்டின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பெரிய லேஅவுட்களில் ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி நிலம் பத்து சதவீதமும் அப்படித்தான். சட்டப்படி அந்தச் சாலையும் பூங்காவும் ஊருக்குச் சொந்தம். கேட் போட்டு, "இங்கே வெளியாட்கள் வரக்கூடாது" என்று சொல்லும் உரிமை பில்டருக்கும் இல்லை, குடியிருப்பவர்களின் அசோசியேஷனுக்கும் இல்லை. இன்றைக்கு யாரும் கேட்காமல் இருக்கலாம். பின்னால் இருக்கும் நிலத்துக்காரர் நாளைக்கு வழி கேட்டு வந்தால் கேட்டைத் திறக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, முழு இடத்தையும் ஒரே மனையாக வைத்து, தொகுப்புக் கட்டடங்களாக அனுமதி வாங்குவது. இதில் உள்பாதைகள் எல்லோருக்கும் பொதுவான தனியார் பாதைகளாகவே இருக்கும். கேட் கேட்டாக நிற்கும். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அநேகமாகப் பிரிபடாத பங்குதான். வில்லா என்ற பெயரில் தனிவீடு போலத் தெரியும், பத்திரத்தில் ஃபிளாட்டைப் போல இருக்கும். பிற்காலத்தில் இடித்துக் கட்டவோ மேலே ஒரு மாடி எழுப்பவோ நினைத்தால் சிக்கல்.

தனிப் பட்டாவும் வேண்டும், யாரும் நுழைய முடியாத கேட்டும் வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது கடினம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதித்த வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் சாலையும் பூங்காவும் என்னவென்று குறித்திருக்கிறது என்று பாருங்கள். "குழந்தைகள் பூங்கா" என்று விளம்பரத்தில் பச்சையாகக் காட்டிய இடம் வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். என்று இருந்தால், அது உங்களுக்கு விற்கப்பட்ட வசதி இல்லை.

மூன்றாம் படி: ரெரா பதிவு

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ திட்டத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் விளம்பரமே செய்யலாம். தமிழ்நாடு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் திட்டத்தின் வரைபடம், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் வரும். அங்கே இருக்கும் தேதியும் விற்பனையாளர் வாயால் சொல்லும் தேதியும் ஒன்றா என்று முதலில் ஒப்பிடுங்கள். ரெராவில் இருப்பதுதான் பில்டரைக் கட்டுப்படுத்தும்.

"ப்ரீ லாஞ்ச் ஆஃபர், இந்த வாரம் மட்டும்" என்று பதிவு எண் இல்லாமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு இருந்தாலும், விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யும் முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. கைக்கு வந்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால் முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். எங்கள் வளாகத்தில் மொட்டை மாடி ஒழுகியது. வாயால் சொன்ன எட்டு மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. படத்தோடு, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தது. நீங்கள் முதல் நாளிலிருந்தே எழுத்தில் கேளுங்கள்.

நான்காம் படி: மூலப் பத்திரங்கள்

இதை வக்கீல்தான் பார்க்க வேண்டும். பில்டர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம், வங்கி லோன் கொடுக்கிறது என்பதும் போதாது. நீங்கள் தனியாக ஒருவரை வையுங்கள். மூன்று கோடி சொத்துக்கு அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

அவர் பார்ப்பதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு, தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டாவையும் புலப்பட வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய், மேய்க்கால், கோயில் நிலம் என்று ஏதாவது ஒரு சர்வே எண் வளாகத்தின் நடுவில் ஓடுகிறதா என்று வரைபடத்தில் தேடுங்கள். திட்டத்தின் பேரில் பில்டர் வங்கிக் கடன் வாங்கியிருந்தால் வில்லங்கத்தில் தெரியும். அது பெரிய குற்றம் இல்லை, எல்லோரும் வாங்குவதுதான். ஆனால் உங்கள் வீட்டை மட்டும் அடமானத்திலிருந்து விடுவித்ததாக அந்த வங்கியின் கடிதம் கிரயத்துக்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நிலத்துக்காரரும் பில்டரும் கூட்டாகச் செய்யும் திட்டமா என்றும் கேளுங்கள். உங்கள் வீடு யாருடைய பங்கில் வருகிறது, கையெழுத்துப் போடுபவரிடம் இருக்கும் பவர், அதாவது உரிமையாளர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம், இன்னும் செல்லுபடியாகிறதா என்பது முக்கியம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த வீடு என்றால் இன்னொரு வேலை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். அந்த அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் என்.ஆர்.ஐ. உறவினர் பெயரில் வாங்குவதாக இருந்தால், அவர்கள் வீடு வாங்கலாம், விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. "ஃபார்ம் வில்லா" என்று விற்பவர்களிடம் நிலத்தின் வகைப்பாடு என்னவென்று கேட்டே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: தண்ணீர், அதன் இரண்டு முகமும்

சென்னையில் வீடு வாங்கும் யாரும் 2015-ஐயும் 2019-ஐயும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே குடத்தோடு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடி வெள்ளம். வெள்ளமும் வறட்சியும் ஒரே இடத்துக்கே வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அந்தச் சதுப்பைச் சுற்றித்தான் இத்தனை ஆடம்பர வளாகங்களும் எழுந்திருக்கின்றன. தண்ணீர் போக வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பினால், தண்ணீர் சுவருக்குள்ளும் வரும்.

நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். வெயில் காலத்தில் ஒரு முறை, நவம்பர் மழையில் ஒரு முறை போவேன். மழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்குப் போவது நல்லது, அதற்குள் பம்ப் வைத்து இறைத்து முடித்திருக்க மாட்டார்கள். வளாகத்தின் தரைமட்டம் முன்சாலையைவிட உயரமா, தாழ்வா என்று பார்ப்பேன். உள்ளே மண் கொட்டி உயர்த்தியிருந்தாலும் வாசல் சாலை முழங்கால் ஆழம் மூழ்கினால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்? மின்பெட்டியும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "போன மழைக்கு இங்க எவ்வளவு நின்னுது?" என்று கேட்பேன். கடைக்காரர் கையை இடுப்பில் வைத்துக் காட்டிவிடுவார்.

அப்புறம் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி. எத்தனை லிட்டர் கொள்ளும், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மெட்ரோ வாட்டர் குழாய் இணைப்பு இருக்கிறதா, "வரப்போகிறதா"? வரப்போகிறது என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். அளவைக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதித்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டிய இடங்களில் போர் உப்பாக இருக்கும். வாசலில் லாரி நோட்டு இருந்தால் கட்டாயம் புரட்டுங்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மாலை ஆறு மணிக்கு அதன் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் மூக்கே சொல்லிவிடும். அதை ஒட்டிய வீட்டை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: மாதச் செலவு

வீட்டின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். மெயின்டனன்ஸ் இருக்கும்வரை கொடுக்கிறோம். சதுர அடிக்கு 5 ரூபாய் என்றால் 3,500 சதுர அடிக்கு மாதம் 17,500. மாதம் 7,500-ஐத் தாண்டினால், அசோசியேஷனின் ஆண்டு வசூலும் 20 லட்சத்தைத் தாண்டினால், 18% ஜி.எஸ்.டி. உண்டு. முழுத் தொகைக்கா, 7,500-க்கு மேற்பட்டதற்கு மட்டுமா என்று வழக்கு நடந்து, மேற்பட்டதற்கு மட்டும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் அசோசியேஷன் எப்படிக் கணக்கிடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருடம் பில்டரே மெயின்டனன்ஸ் பார்ப்பார், தொகையும் குறைவாக இருக்கும். அசோசியேஷன் கைக்கு வந்ததும்தான் உண்மையான செலவு தெரியும். வீடுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் "எக்ஸ்க்ளூசிவ்" வளாகங்களில் இது இன்னும் கடுமை. நீச்சல் குளம், லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாட்கள் எல்லாவற்றையும் முப்பது வீடு பிரித்துக்கொண்டால் ஒரு கணக்கு, முன்னூறு வீடு பிரித்துக்கொண்டால் வேறு கணக்கு. அதில் பத்து வீடு வெளிநாட்டில் இருப்பவர்களுடையதாகி பூட்டிக் கிடந்தால், சிலர் நிலுவை வைப்பார்கள், அந்தப் பாரமும் உள்ளே இருப்பவர்கள் தலையில்தான்.

அதனால் கார்ப்பஸ் ஃபண்ட், அதாவது பெரிய செலவுகளுக்கென்று வாங்குபவர்களிடம் முன்கூட்டியே வாங்கும் பொது நிதி, எவ்வளவு, யார் கணக்கில் இருக்கிறது, அசோசியேஷனுக்கு எப்போது மாற்றப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். எங்கள் பில்டர் அந்தப் பணத்தை மாற்றிக் கொடுக்க மூன்று வருடம் ஆக்கினார். அந்த மூன்று வருடமும் பம்ப் பழுதானால்கூட வீட்டுக்கு வீடு வசூல் செய்தோம்.

ஏழாம் படி: கையில் எவ்வளவு வேண்டும்?

75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது, ரிசர்வ் வங்கி விதி. மூன்று கோடி வீட்டுக்கு 2 கோடியே 25 லட்சம். மீதி 75 லட்சம் உங்கள் கைப்பணம். கட்டி முடித்த வீட்டைக் கிரயம் செய்ய முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 27 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால் 5% ஜி.எஸ்.டி. சேரும், 15 லட்சம். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. புது அடுக்குமாடி வீடுகளுக்கும், நிலத்தையும் கட்டுமானத்தையும் தனித்தனி ஒப்பந்தமாகப் போடும் வில்லாக்களுக்கும் பதிவுச் செலவு வேறு மாதிரி வரும், வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். வில்லாவுக்குள் மர வேலை, திரைச்சீலை, ஏ.சி. என்று தனியாக இருபது முப்பது லட்சம் கண்மூடித் திறப்பதற்குள் போகும். 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்து என்பதால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% வருமான வரியாகப் பிடித்து (இதற்கும் டி.டி.எஸ். என்றுதான் பெயர்) நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் அந்த விகிதம் அதிகம், ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கைமாறக் கூடாது.

2 கோடியே 25 லட்சம் கடனுக்கு 8.5% வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1 லட்சத்து 95 ஆயிரம். அதே வளாகத்தில் அதே மாதிரி வீடு 75,000 வாடகைக்குக் கிடைத்தால்? வருடத்துக்கு 9 லட்சம், வீட்டு விலையில் 3 சதவீதம். முதலீட்டுக்காக மட்டும் ஆடம்பர வில்லா வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். விற்கும்போதும் மூன்று கோடி கொடுக்க வருபவர்கள் நூற்றில் ஒருவர்தான், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்குப் பணமாக்க முடியாது.

யாருக்குச் சரி என்றால், குறைந்தது பத்து வருடம் அங்கேயே குடியிருக்கப் போகிறவர்கள், தவணை போக வீட்டுச் செலவுக்குத் தட்டுப்பாடு இல்லாதவர்கள், பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பங்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும் இளம் தம்பதி என்றால் அதே வளாகத்தில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வேறு எந்த ஆராய்ச்சியும் அந்த அளவுக்குச் சொல்லித் தராது.

எட்டாம் படி: பழைய வீட்டையும் பாருங்கள்

புதிதாக வாங்குபவர்கள் மறுவிற்பனை வீட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். ஐந்தாறு வருடம் ஆன வளாகத்தில் மறைக்க ஒன்றும் இருக்காது. சில மழைக்காலமும் சில கோடையும் பார்த்திருக்கும். அசோசியேஷனின் கடைசி மூன்று வருட வரவு செலவைக் கேட்டு வாங்கலாம். தண்ணீர் லாரிக்கு மட்டும் எவ்வளவு செலவு என்று அதில் தனி வரியாக இருக்கும். குடியிருப்பவர்களிடம் பேசலாம். சாயங்காலம் நடைபாதையில் யாரையாவது நிறுத்தி, "இங்க இருக்கறதுல உங்களுக்கு எது பிடிக்கல?" என்று கேளுங்கள். பிடித்ததைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள்.

அக்காவும் மாமாவும் கடைசியில் அப்படித்தான் வாங்கினார்கள். அந்தப் பளிங்குத் தரை வில்லாவை விட்டுவிட்டு, படூர் பக்கம் ஏழு வருடப் பழைய வீடு, லேஅவுட் மனை, தனிப் பட்டா. சாலை ஊராட்சிக்குச் சொந்தம் என்று தெரிந்தே வாங்கினார்கள், மாமாவுக்கு அதில் வருத்தமில்லை. விலை பேசும்போது மொட்டை மாடி ஒழுகலைக் காட்டி நாலு லட்சம் குறைத்தார்.

கிரயம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பத்திரம் பதிவான பின் வில்லங்கம் மறுபடி எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டா மாறுதல், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், அசோசியேஷன் உறுப்பினர் பதிவு, பழையவரிடமிருந்து மெயின்டனன்ஸ் நிலுவை இல்லை என்ற கடிதம். மாமா இத்தனையும் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தார். பட்டா மட்டும் உட்பிரிவு அளக்க வேண்டியிருந்ததால் சர்வேயர் வரும்வரை டிக் போடாமலே இருந்தது.